சட்டைப் பையில் ஃப்யூஸ்

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. கல்யாணத்தன்றைக்கே அப்படித்தான். பக்கத்தில் பொண்ணு நிற்கிறாள், ஃபோட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க என்று தொண்டை வற்றக் கத்துகிறார், இவருடைய கண் மட்டும் மண்டபத்துச் சுவரில் தொங்கிய சீரியல் பல்பு வரிசையில் எரியாமல் கிடந்த ஒன்றின் மேல். சாப்பிடப் போகிற வழியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அதைத் திருகினார். எரிந்துவிட்டது. வந்த சனமெல்லாம் மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று சொன்னது. அன்றைக்கு அந்தப் பல்பு எரியாமல் இருந்திருந்தால் என் தங்கச்சி பிழைத்திருப்பாள்.

பிழைப்புக்கு அவர் ஷூ கடையில் சேல்ஸ்மேன். நாள் முழுக்க மண்டி போடுகிறது, எழுந்திருக்கிறது, ஏணியில் ஏறுகிறது, பெட்டியோடு இறங்குகிறது. ஆள் வாசலில் நுழையும்போதே காலைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவார். எட்டு, ஆனால் இடது கால் கொஞ்சம் அகலம் என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அந்தக் கண்தான் அவரைக் கெடுத்தது. காலைப் பார்த்தால் நம்பர் தெரிகிறது, ஒயரைப் பார்த்தால் தெரியாதா என்று ஒரு நினைப்பு. கரண்ட் என்ன செருப்பு போட்டுக்கொண்டா வருகிறது?

வீட்டுக்கு வந்தால் கால் கழுவுவதற்கு முன்னால் ஸ்குரூ டிரைவர் கைக்கு வந்துவிடும். டீ ஆறிப்போய் ஆடை கட்டும். பரண் முழுக்கக் கடையில் இருந்து கொண்டுவந்த காலி ஷூ பெட்டிகள். மேலே அழகான லேடீஸ் செருப்புப் படம், உள்ளே பழைய ஹோல்டர், துண்டு ஒயர், கருகிப்போன ரெகுலேட்டர். கல்யாணமான புதிதில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் ரகசியமாக வாங்கி வைத்திருக்கிறார் என்று என் தங்கச்சி சந்தோஷமாகத் திறந்திருக்கிறாள். உள்ளே ஒரு ட்யூப்லைட் சோக்கு. அதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் வெல்டர். கேட்டு, கிரில், ஷெட்டு, இதுதான் என் வேலை. காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட்டோடுதான் குடித்தனம், அதனாலேயே அதைக் கண்டால் எனக்குப் பயம். மாப்பிள்ளைக்குப் பயம் கிடையாது, பாசம். பாசம் வைத்தவனுக்குக் கண் தெரியாது.

அவர் செய்ததையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. அலமாரியைத் திறந்தால் எரிகிற மாதிரி உள்ளே ஒரு சின்ன பல்பு வைத்தார். மூடினாலும் எரிந்தது. புடவையெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி சூடாக வெளியே வந்தது. படுக்கிற அறையில் ஃபேனைப் போட்டால் பாத்ரூமில் லைட் எரிகிற மாதிரி ஒரு முறை ஆனது. அதை வசதி என்று சொன்னார். தெருவில் அவருக்கு ‘பல்பு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

விளையாட்டு வினையானது காலிங் பெல்லில். இரும்பு கேட்டில் பட்டனை வைத்து, ஒயரை கேட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கேட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒயர் மேல் இருந்த தோல் தேய்ந்துவிட்டது. ஒரு நாள் காலை, ஈரக் கையோடு பால் வாங்க கேட்டைப் பிடித்தாள் என் தங்கச்சி. பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசலிலேயே உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் இருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, கயிறு போட்டு, சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த சுவிட்சையும் அவள் கையால் தொட்டதில்லை. கரண்டிக் காம்பால் ஒரு தட்டு, லைட் எரியும். இன்னொரு தட்டு, அணையும். வந்தவர் போனவர் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எங்க வீட்டில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அவள் திட்டியிருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். கரண்டியைத் தாங்க முடியவில்லை. அவள் போர்டு பக்கம் நகர்ந்தாலே எங்கிருந்தாலும் ஓடி வருவார், அவள் கை கரண்டிக்குப் போவதற்கு முன்னால் சுவிட்சைப் போட. சோறு சாப்பிடும்போதுகூட எச்சில் கையோடு ஓடுவார். சில நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போய்விட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவாள். அவரும் ஓடிவிட்டுத் திரும்பி வருவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஷெட்டுக்கு லைட் போடுகிற பேச்சு வந்தது.

அவளுக்குத் தையல் தெரியும். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது. மெஷின் கட்டிலுக்கும் ஃப்ரிஜ்ஜுக்கும் நடுவில் இருந்தது. ஃப்ரிஜ்ஜைத் திறக்க வேண்டுமென்றால் தைப்பதை நிறுத்தி, எழுந்து, ஸ்டூலை நகர்த்த வேண்டும். வருகிற துணியை வைக்க இடம் இல்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். நான்தான் வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாக ஆங்கிள் அடித்து, நாலு பக்கமும் தகரம் போட்டு ஒரு ஷெட்டு கட்டிக் கொடுத்தேன். ஜன்னல் ஒன்று வைத்தேன், ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்துக்கொண்டது. நடுப்பகலிலேயே ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

அதே சமயம் ஒரு பை தைக்கிற ஃபேக்டரியில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றாம் தேதி வரச் சொல்லி சூப்பர்வைசரம்மா ஆள் விட்டிருந்தது. அங்கே போக அவளுக்கு மனசே இல்லை. தலையைத் தூக்கினால் ஏன் தூக்கினாய் என்று கேட்கிற இடமாம். ஆனால் வீட்டில் இடம் இல்லாதபோது வேறு என்ன செய்ய? ஷெட்டில் லைட் எரிந்தால் அவள் மெஷின், அவள் துணி, அவள் இஷ்டம். எரியாவிட்டால் ஃபேக்டரி. அதை அவள் புருஷனிடம் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வெறும் கையால சுவிட்சைப் போடுற மாதிரி இருந்தா மெஷினைத் தூக்கிட்டு ஷெட்டுக்குப் போறேன். அங்கயும் கரண்டி வேணும்னா ஃபேக்டரிக்குப் போறேன். ரெண்டுல ஒன்னு."

ஒயர்மேனைக் கூப்பிட்டு முடியுங்கள் மாப்ள என்றேன். மூஞ்சி சுருங்கிவிட்டது. ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், இதற்குப் போய் ஆள் வைத்தால் தெருவில் எப்படித் தலை காட்டுவது என்று கேட்டார். பல்பு என்று பேர் வைத்த தெருவுக்கு இதற்கு மேல் என்ன காட்ட வேண்டுமாம்? தகர ரூம், எங்கேயாவது ஒரு ஒயர் கீறிக்கொண்டால் ரூம் முழுக்கக் கரண்ட் ஓடும், இது காலிங் பெல் இல்லை என்று அவருக்கு அடித்துச் சொன்னேன். ஜாக்கிரதையாகச் செய்கிறேன், என்னை என்ன என்று நினைத்தீர்கள் என்றார். என் தங்கச்சி கடைசியில் ஒத்துக்கொண்டாள். அதற்கும் ஒரு கண்டிஷன் போட்டாள். எந்த ஒயரையும் அவர் தொடுவதற்கு முன்னால் அவள் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாள். கடைக்குப் போய் அவளே ஒரு டெஸ்டர் வாங்கி வந்தாள். அவருடைய டெஸ்டரை அவள் நம்பவில்லை.

இவருக்குச் சிரிப்பு. ஏனென்றால் இவரிடம் இவருடைய வழி ஒன்று இருந்தது. அது பழைய வீடு. மீட்டருக்குக் கீழே இரண்டு பீங்கான் ஃப்யூஸ் கட்டை, ஒன்று கரண்ட் வருகிற லைனுக்கு, ஒன்று திரும்பிப் போகிற லைனுக்கு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. கரண்ட் வருகிற கட்டையில் என் தங்கச்சியின் சிவப்பு நகப் பாலிஷை எடுத்து அடையாளத்துக்கு ஒரு பொட்டு வைத்திருந்தார். வேலை செய்யும்போது அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முன்பெல்லாம் மீட்டர் மேலேயே வைத்துவிட்டுப் போவாராம். ஒரு தடவை மிக்ஸி ஓடவில்லையே என்று என் தங்கச்சி அதைத் திருப்பிச் செருகிவிட்டாள், இவர் ஸ்டூல் மேல் இருந்து குதித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஃப்யூஸ் சட்டைப் பைக்குப் போனது. பைக்குள் ஃப்யூஸ் இருந்தால் ஊரே அவர் கைக்குள் என்கிற மாதிரி நடப்பார். டெஸ்டரை எடுப்பதை விட்டே ரொம்ப நாள் ஆகிவிட்டது.

வேலையை ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்பதைவிட அதில் விழுந்தார் என்று சொல்லலாம். வெளிச்சம் போவதற்குள் கடையில் இருந்து ஓடி வந்து மண்ணைத் தோண்டுவார். ஒயரை அந்தரத்தில் இழுக்காமல் பைப்பில் விட்டு மண்ணுக்குள் புதைத்தார். அடுத்த நாள் பைப் கோணலாகத் தெரிகிறது என்று முழுக்கப் பிடுங்கித் திரும்பப் புதைத்தார். மண்ணுக்குள் போகிற பைப் கோணலாக இருந்தால் யாருக்கு என்ன? மண்புழுவா குறை சொல்லப்போகிறது? ஹோல்டரை நடுக் கூரையில் வைத்தார். பிறகு மெஷின் இல்லாத இடத்தில் மெஷின் இருக்கிற மாதிரி குந்தி உட்கார்ந்து, டார்ச்சை மேலே கட்டிவிட்டு, வெறும் கையால் தைத்துத் தைத்துப் பார்த்தார். கையின் நிழல் ஊசி மேல் விழுகிறது என்று ஹோல்டரைக் கழற்றி இடது பக்கம் மாற்றினார். மறுபடி குந்தினார். மறுபடி மாற்றினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தகரத்தில் ஒயர் நுழைகிற ஓட்டை கத்தி மாதிரி இருக்கும், ஒயரை அறுத்துவிடும். அதற்கு அவர் கடையில் வீணாய்க் கிடந்த ஒரு ஷூவின் ரப்பர் அடிப்பாகத்தை வளையமாக அறுத்து, ஓட்டையில் அமுக்கி, நடுவில் ஒயரை விட்டிருந்தார். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல வேலை. நான் சொல்லவில்லை, சொன்னால் மாடி கட்டுவார்.

மிச்சம் இருந்தது எர்த்து. தகரத்தில் இருந்து ஒரு ஒயர் எடுத்து, பூமிக்குள் இறக்கிய கம்பியில் சேர்க்க வேண்டும். பின்பக்க மண் முழுக்க உடைந்த செங்கல்லும் ஜல்லியும். கம்பி இறங்கவில்லை, வளைந்தது. இவர் சுத்தியலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல கம்பியும் சம்மட்டியும் கொண்டுவருகிறேன், அதுவரை சும்மா இருங்கள் என்றேன். சும்மா இருக்கச் சொன்னேன், அவரிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போனபோது என் தங்கச்சி வீட்டில் இல்லை. வருகிறாளா இல்லையா என்று கேட்டு ஃபேக்டரியில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள், பேசிவிட்டு வரப் போயிருந்தாள். இவர் ஷெட்டுக்குள் கடையில் இருந்து கொண்டுவந்த மர ஸ்டூல் மேல் நிற்கிறார். காலில் தடி ரப்பர் செருப்பு. அவள் இல்லாத நேரத்தில், காலையிலேயே ஒயரை வீட்டு லைனோடு சேர்த்து முறுக்கி முடித்துவிட்டாராம். டெஸ்டர் கண்டிஷன் என்ன ஆனது என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். டங் என்று சத்தம் வந்தது.

தகரத்தில் ஒரு போல்ட் போட்டு வைத்திருந்தார். கறுப்பு ஒயரின் முனையைச் சீவித் தயாராக வைத்திருந்தார், தோலோடு இருக்கிற இடத்தில் பிடித்தபடி. கம்பி வேண்டாமாம். கறுப்பு ஒயரை போல்ட்டில் சுற்றிவிட்டால் அதுவே எர்த்து ஆகிவிடுமாம்.

"கறுப்புல என்ன இருக்கு மச்சான்? அது சும்மா திரும்பிப் போற ஒயர். அதுவும் பூமியும் ஒன்னுதான்."

ஒன்று இல்லை, இறங்குங்கள் என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒன்றாம் தேதி நெருங்குகிறது, நீங்கள் பள்ளம் தோண்டி முடிப்பதற்குள் அவள் ஃபேக்டரியில் உட்கார்ந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே போல்ட்டில் நட்டைத் தளர்த்தினார். அந்த நேரத்தில் கேட்டுச் சத்தம். என் தங்கச்சி தோள் பையைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் வந்தாள். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்தாள். பையில் இருந்து டெஸ்டரை எடுத்தாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "அது கறுப்பு. கரண்ட் வர்ற சிவப்பு ஒயர்லயே இன்னைக்கு கரண்ட் கிடையாது. கறுப்புல எங்க இருந்து வரும்?"

அவள் டெஸ்டர் முனையைச் சீவின கறுப்பு ஒயரில் வைத்து, மேலே விரலை வைத்தாள்.

ஷெட்டு இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. டெஸ்டருக்குள் அந்தச் சின்ன சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி எரிந்தது.

இவர் ஒரு கையால் சட்டைப் பையில் இருந்து ஃப்யூஸை எடுத்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு இருந்தது. திருப்பிப் பார்த்தார். தப்பான கட்டை இல்லை. கறுப்பு ஒயரைப் பாம்பை விடுகிற மாதிரி மெதுவாக விட்டார்.

"அப்ப இதைத் தகரத்துல சுத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கால் பெடல்ல, கை மெஷின்ல, முதுகு தகரத்துல," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "சாயங்காலம் பதில் சொல்றேன்னு சூப்பர்வைசரம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. எதையோ அணைக்கப் பார்த்திருக்கிறாள். ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

மாப்பிள்ளை ஸ்டூலில் இருந்து இறங்கினார். காலையில் இதே ஒயரைத்தான் முறுக்கினேன், இதே கையால்தான் என்று அந்தக் கையை என்னிடம் நீட்டினார். ஸ்டூலும் ரப்பர் செருப்பும் காப்பாற்றியிருக்கிறது. வீட்டை ஒரு சுற்று சுற்றினார். மீட்டர் முன்னால் நின்றார். மறுபடி ஒரு சுற்று. பொட்டு இல்லாத இன்னொரு கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய டெஸ்டரைக் கேட்டு வாங்கிக் கறுப்பு ஒயரில் வைத்தார். எரியவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போன தடவை பெருங்காற்று அடித்தபோது போஸ்ட்டில் இருந்து வீட்டுக்கு வருகிற ஒயர் அறுந்து, லைன் ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். கட்டும்போது இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கட்டிவிட்டார்கள். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து சிவப்புப் பொட்டு வைத்தது வெறும் கட்டை. நிஜமான கரண்ட் மற்றதில் வந்துகொண்டிருந்தது. இவர் வெறும் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உலாத்தியிருக்கிறார்.

கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. தெருவில் யாரோ, என்ன பல்பு, இவ்வளவு அவசரம் என்று கேட்டது என் காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது ஒரு பழைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்தது ஒயர்மேன். மாப்பிள்ளை தானாகப் போய் ஒரு ஒயர்மேனைக் கூட்டி வருவார் என்று யாராவது என்னிடம் முன்னால் சொல்லியிருந்தால் அவனை நான் அடித்திருப்பேன்.

ஒயர்மேன் பேசுகிற ஆள் இல்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் லைனை நேர் செய்தார். திரும்பிப் போகிற லைனில் ஃப்யூஸே இருக்கக் கூடாது என்று அந்தக் கட்டை செருகுகிற கூட்டையே கழற்றி வீசினார். ஒரே இழுப்பில் இரண்டு லைனையும் துண்டிக்கிற மெயின் சுவிட்ச் போட்டார், கரண்ட் வழி தவறினால் தானே விழுகிற டிரிப்பர் ஒன்றும் வைத்தார். அதற்குள் பின்பக்கம் நானும் மாப்பிள்ளையும் கம்பியை இறக்கினோம். நான் பிடிக்க, அவர் சம்மட்டி போட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றேன், கேட்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அதோடும் போட்டார். கம்பி ஜல்லியைக் கிழித்துக்கொண்டு ஈர மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒயர்மேன் ஷெட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திருகிப் பார்த்தார். ஷூ ரப்பர் வளையத்தைக் கண்டதும் நின்றார். விரலால் அமுக்கினார், இழுத்தார், அடுத்ததற்குப் போனார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு எல்லாம் முடிந்தது. என் தங்கச்சியைக் கூப்பிட்டோம். டெஸ்டரோடு வந்தாள். தகரத்தில் வைத்துப் பார்த்தாள், ஜன்னல் கம்பியில் பார்த்தாள், போல்ட்டில் பார்த்தாள், சுவிட்சின் ஸ்குரூவில்கூடப் பார்த்தாள். எங்கேயும் எரியவில்லை. ஒயர்மேனுக்கே லேசாகக் கோபம் வந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை உள்ளே ஓடிப் போய், ஆணியில் இருந்த மரக்கரண்டியைக் கயிறோடு கழற்றி வந்து அவளிடம் நீட்டினார். இந்தா, இதாலயே போடு என்றார். உள்ளங்கையில் கொப்பளம் உடைந்து சிவந்திருந்தது.

அவள் கரண்டியைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். கரண்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கையைத் திருப்பி, நடுவிரலின் புறத்தால் சுவிட்சைத் தட்டினாள். லைட் எரிந்தது. மெஷின் வரப்போகிற இடத்தில் நேராக விழுந்தது.

"ஏன் புறங்கை?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"உள்ளங்கைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

சூப்பர்வைசரம்மாவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். மெஷினைத் தூக்கி வந்து நானும் அவரும் லைட்டுக்குக் கீழே இறக்கினோம். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, டெஸ்டரை ஜாக்கெட்டில் ஊசி குத்துகிற இடத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். யாருடைய பேன்ட்டோ ஒன்று ரொம்ப நாளாகக் காத்திருந்தது. அதை எடுத்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. நிழல் ஊசி மேல் விழவில்லை.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு தலையைத் தூக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு கூரையைப் பாக்கிறாரா?"

பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே புழுக்கமாக இருந்தது, ஒரு ஃபேன் மாட்டுகிற அளவுக்கு இடமும் இருந்தது.

"ஆமா," என்றேன்.

"வெளிய கூட்டிட்டுப் போ."

தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.